ஒட்டகத்தைக் கட்டுதலும் மிதிவண்டிப் பயணமும்



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு மதுரையிலிருந்து இராமேசுவரத்திற்கு மிதிவண்டியில் புறப்பட்டேன். தொலைவு ஏறத்தாழ 170 கி.மீ. அதற்கு முன் வீட்டிற்கும் மதரஸாவிற்கும் இடையிலான இரண்டு கி.மீ. தவிர வேறெங்கும் நான் ஓட்டியதில்லை. “பயிற்சி வேண்டாமா?” என்று மனைவி கேட்டபோது, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றேன்.

மேற்கிலிருந்து வீசிய ஆடிக் காற்று முதுகில் தள்ளியதை என் சொந்த வலிமை என்று எண்ணிக்கொண்டேன். மானாமதுரையைக் கடந்த சிறிது நேரத்தில் கெண்டைக்கால் தசைகள் இறுகிப் பிடித்தன. லுஹரை நின்று தொழ இயலாமல் அமர்ந்தே தொழுதேன். பின்னர் வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றி வீடு திரும்பினேன். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆயினும் அந்த இயலாமையை நானே தேடிக்கொண்டேன் என்பதுதான் உள்ளத்தை உறுத்தியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். நம் உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்பதும் அவர்களது போதனையே. ஆயத்தமின்றிப் புறப்படுவதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது தவறு. அது நம் சோம்பலுக்கு நாம் போர்த்தும் போர்வை.

குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியைப் பயிற்சிக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை சற்று நீண்ட பயணம் செல்லுங்கள். திருப்புவனம் சென்று திரும்பினால் ஏறத்தாழ 40 கி.மீ. அத்தொலைவை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவிற்கே கூட்டுங்கள். ஒரு வாரம் உடல் மறுத்தால் கூட்டாதீர்கள். தாகம் எடுக்கும் முன் நீரும், பசிக்கும் முன் உணவும் கொள்ளுங்கள். நம் வெயிலில் வெறும் நீர் போதாது. உப்பிட்ட நீர்மோர் நன்று. மாற்று டியூப், காற்றடிக்கும் பம்ப், தலைக்கவசம், முன்பின் விளக்குகள் ஆகியவை இன்றி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. 200 கி.மீ. தொலைவை 13 மணி 30 நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். அங்கே முதலிடம் என்று எதுவும் இல்லை. நேரத்திற்குள் முடித்தவர் அனைவரும் சமமே. தொழுகைக்கென இறங்கும் நிமிடங்களையும் கணக்கிட்டே வேகத்தைத் திட்டமிட வேண்டும். செல்லும் இடம் ஏறத்தாழ 80 கி.மீ.க்கு அப்பால் எனில் கஸ்ரு சட்டம் வரும். ஷாஃபி மத்ஹபினர் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த வேளையிலேயே தொழ வேண்டும்.

“இந்த வயதில் இது தேவையா?” என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. “பெண்பிள்ளைக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஏளனப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே, விழுந்து எழுந்து கற்றார்கள். தண்ணீர் சுமக்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அவர்களுக்குப் பிறர் தயவு தேவைப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்களே ஓட்டப்பந்தயம் ஓடியிருக்க, மகளின் மிதிவண்டியை நாம் தடுப்பதற்கு மார்க்கத்தில் காரணம் தேடுவது முறையாகாது.

ஆறு மாதமாக நான் மீண்டும் ஓட்டி வருகிறேன். இப்போது 70 கி.மீ. இயலுகிறது, அல்ஹம்துலில்லாஹ். இராமேசுவரம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கு சேரும் நாளில், நின்று தொழும் வலிமையும் என்னிடம் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே என் துஆ.