தூது அனுப்பினால் மட்டும் போதுமா?

அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூது விட்டவர்கள் நம் புலவர்கள். இன்று அறிவியலறிஞர்கள் மூலக்கூறுகளையே தூது விடத் தொடங்கியிருக்கிறார்கள். கம்பியில் மின்சாரமும் வெளியில் வானொலி அலையும் செய்துவரும் பணியை வேதிப்பொருள்களைக் கொண்டு செய்விப்பதே மூலக்கூறுத் தகவல் தொடர்பு.

இது வெறுங்கனவு அன்று. 2013ஆம் ஆண்டில் கனடாவின் யார்க், இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஆல்கஹாலைக் காற்றில் தெளித்துச் செய்தி அனுப்பிக் காட்டினர். தெளித்தால் 1; தெளிக்காவிட்டால் 0. மேசை விசிறியின் காற்று அதைச் சில மீட்டர் தூரம் சுமந்து சென்றது. மறுமுனையிலிருந்த உணர்கருவி அதை எழுத்துகளாக மாற்றியது. அவர்கள் அனுப்பியது கனடா நாட்டுப்பண்ணின் பெயர்.

"கைபேசி இருக்கும்போது இந்த வீண்வேலை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். இதன் உண்மையான களம் நம் உடலின் உட்புறம். நோயுற்ற இடத்தை ஒரு நுண்கருவி கண்டறிந்து, மருந்து சுமக்கும் மற்றொன்றுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆய்வாளர்களின் நோக்கம். அத்துணைச் சிறிய கருவிகள் உடலின் உப்புநீருக்குள் வானொலி அலையால் பேசிக்கொள்வது கடினம். மூலக்கூறோ உடலின் தாய்மொழி! 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்திலிருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் செலுத்தியதும் அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பின் செய்தியை ஒரு வேதிப்பொருள் சுமப்பது அன்று தெளிவாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின்.

ஆயினும், வேதியியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. செய்தியை அனுப்புவதைப் பற்றி நாம் வியக்கிறோம். அனுப்பிய செய்தியை அழிப்பதைப் பற்றிப் பேச மறக்கிறோம்.

அலை வந்த வேகத்தில் கடந்து போய்விடும். மூலக்கூறு அப்படியன்று, அது தங்கிவிடும். நீரில் ஒரு சிறு மூலக்கூறு தானாகப் பரவி ஒரு மைக்ரோமீட்டர் செல்ல ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். ஒரு சென்டிமீட்டர் செல்லவோ ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். தொலைவு இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். இவ்வாறு தயங்கித் திரியும் பழைய மூலக்கூறுகள் புதிய செய்தியோடு கலந்தால், 0 என்பதும் 1 ஆகத் தோன்றும்.

"நாளடைவில் தானே கரைந்து போய்விடும்" என்று சிலர் சொல்லக்கூடும். இயற்கை அவ்வாறு விட்டுவிடவில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலினைச் சிதைப்பதற்கென்றே ஒரு நொதியைக் காவல் வைத்திருக்கிறது. அந்த நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான தூதர்களைச் சிதைத்துவிடும்.

அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும்? நம் வயல்களில் தெளித்துவந்த மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. உழவர் உடலில் அது புகுந்தால் பழைய செய்தி அழியாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வியர்வையும் எச்சிலும் பெருகும். தசைகள் துடித்துப் பின் சோரும். முடிவில் மூச்சே நிற்கலாம். அசிட்டைல்கோலின் நம் உடலே செய்துகொள்ளும் பொருள்; நஞ்சன்று. அழிய வேண்டிய நேரத்தில் அது அழியாமையே ஆளைக் கொல்கிறது.

எனவே, உடலுக்குள் மூலக்கூற்றுச் செய்தி அனுப்பும் கருவியை ஆக்குவோர், அச்செய்தியை எவ்வாறு அழிப்பர் என்பதை முதலில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அதை மனிதரிடம் சோதிக்க இசைவு தரவேண்டும் என்பேன்.

கணிப்பொறிதான் எல்லாம், வேதியியலுக்கும் விலங்கியலுக்கும் இனி வாழ்வில்லை என்று பேசும் நண்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள்! நொதியை அறிந்தவர் வேதியியலார். நரம்பை அறிந்தவர் விலங்கியலார். செய்தியை அனுப்பும் கலையை மின்னணுவியலார் கற்றுவிட்டனர். அதை அழிக்கும் கலையைக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாம்தாம்.