படகு வாங்குறது ஈஸி... ஊருக்குக் கொண்டுவர்றதுதான் மேட்டர்! வ.உ.சி கத்துக்கொடுத்த கப்பல் கணக்கு

கடையத்துல இருந்து பார்த்தா கடல் தெரியாது. மேற்கே மலை, பக்கத்துல ராமநதி, சுத்தி வயலும் தென்னையும். ஆனா, கையில இருக்கிற போன்ல தினமும் கடல் வரும். 'ஐரோப்பாவில் பழைய பாய்மரப் படகு, செகண்ட் ஹேண்ட் கார் விலைதான்' மாதிரி ரீல்ஸைப் பார்த்துட்டு, "நாமளும் ஒண்ணு வாங்கி தூத்துக்குடியில விட்டா என்ன?"னு தோணாத ஆள் உண்டா?

தோணுறதுல தப்பில்ல. நம்ம பக்கத்து மனுஷர் ஒருத்தர் 120 வருஷத்துக்கு முன்னாடியே அதைப் பண்ணிக் காட்டியிருக்கார். அவர் வ.உ.சி.

1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சப்போ அவர்கிட்ட சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பல்தான். பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியில, வாடகைக்குக் கொடுத்தவங்க பின்வாங்கிட்டாங்க. 25 ரூபாய் பங்குகளா மக்கள்கிட்ட பணம் திரட்டி, வெளிநாட்டுல இருந்து 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பல்களை வாங்கினாங்க. 1907-ல ரெண்டும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்துச்சு. தூத்துக்குடி - கொழும்பு ரூட்டுல போட்டியும் சூடு பிடிச்சது. 1908 மார்ச்ல வ.உ.சி கைதானார். 1911-ல கம்பெனியே இல்லாமப் போச்சு. அந்தக் கம்பெனிக்காக எழுதின பாரதி, 1918 கடைசியில செல்லம்மாவோட ஊரான கடையத்துக்கு வந்தப்போ, சுதேசிக் கப்பல் பழங்கதை ஆகியிருந்தது.

கப்பலை வாங்கினது தோல்வி இல்ல. வாங்கினதைத் தாக்குப்பிடிச்சு நடத்துற செலவும் சூழலும்தான் கழுத்தைப் பிடிச்சது. இன்னிக்குப் படகு வாங்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் கதை அதேதான்.

எப்படி வரும்?

வழிகள் சில உண்டு. படகோட அகலம் சுமார் 2.3 மீட்டருக்குள்ள இருந்தா 40 அடி கன்டெய்னர்லயே அடைச்சிடலாம். பாய்மரத்தைக் கழட்டணும், அடியில மரச்சட்டம் கட்டணும். அதைவிடப் பெருசா இருந்தா, பக்கச் சுவரில்லாத 'ஃப்ளாட் ரேக்'. டிரெய்லர்ல ஏத்தின படகுன்னா, கார்கள் ஏத்துற 'ரோ-ரோ' கப்பல். இன்னும் பெருசுன்னா, கிரேன்ல தூக்கி மேல்தளத்துல வைப்பாங்க. இல்லைன்னா நீங்களே ஓட்டிட்டு வரணும். மும்பையில கட்டின 'சுஹைலி' படகை ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் அப்படித்தான் இங்கிலாந்துக்கு ஓட்டிட்டுப் போனார். அதே படகுல 1968-69-ல 312 நாள்ல, எங்கேயும் நிக்காம தனியா உலகத்தைச் சுத்தினார். நமக்கு அந்தத் தில் இருக்கான்னு யோசிச்சுக்கோங்க.

பில் எங்கே எகிறும்?

முதல்ல, படகு எடை கம்மி, இடம் ஜாஸ்தி. கப்பல்காரங்க அது அடைக்கிற இடத்துக்குத்தான் காசு கேட்பாங்க.

அடுத்தது வரி. நம்ம நாட்டுல சுங்கவரி படகு விலைக்கு மட்டும் இல்ல. விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூணையும் கூட்டித்தான் கணக்கு. அந்தச் சுங்கவரியையும் சேர்த்த தொகைக்கு மேல ஜி.எஸ்.டி. உல்லாசப் படகுகளுக்கு 28%-ஆ இருந்த ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40%.

ஒரு பேச்சுக்கு, படகு 10 லட்சம், கூலியும் இன்ஷூரன்ஸும் 6 லட்சம்னு வச்சுக்கோங்க. 16 லட்சத்துக்கு 40% போட்டாலே 6.4 லட்சம். மொத்தம் 22.4 லட்சம். சுங்கவரியை இன்னும் சேர்க்கவே இல்ல! அதாவது, கப்பல் கூலி ஏறினா உங்க வரியும் சேர்ந்து ஏறும்.

கூலி ஏன் ஏறும்? 2023 நவம்பர்ல செங்கடல்ல ஹவுதிகள் தாக்க ஆரம்பிச்ச பிறகு, பல கப்பல்கள் சூயஸை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சது. கூடுதலா 10 நாளுக்கு மேல பயணம், எரிபொருள், இன்ஷூரன்ஸ். ஏமன் பக்கம் பறக்கிற ட்ரோன், கடையத்துக்காரர் போடுற பட்ஜெட்டையும் பதம் பார்க்கும்.

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி...

விற்பனைப் பத்திரம், அந்த நாட்டுப் பதிவை ரத்து பண்ணின சான்றிதழ், படகு மேல கடன் இல்லைங்கிற ஆதாரம். இந்த மூணும் இல்லாம அட்வான்ஸ்கூட அனுப்பாதீங்க. போட்டோவை நம்பாம, அங்கேயே ஒரு சர்வேயரை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இங்கே இறக்குற துறைமுகத்துல கஸ்டம்ஸ் ஏஜென்ட்கிட்ட முன்கூட்டியே எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. லேட் ஆகிற ஒவ்வொரு நாளுக்கும் துறைமுக வாடகை ஓடும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தா, இங்கேயே கட்டினா என்னங்கிற கேள்வி வரும். வரணும். ஏன்னா, வ.உ.சி-க்கு இல்லாத வாய்ப்பு இப்போ எட்டிப்பார்க்குது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணிகளுக்குப் பேர்போன ஊரு தூத்துக்குடி. கப்பல் கட்டுற துறைக்கு 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. அதே மாசம், தூத்துக்குடியில கொச்சி ஷிப்யார்டும் மசகான் டாக்கும் கப்பல் கட்டும் தளம் அமைக்கப்போறதா தமிழக அரசு தரப்புல இருந்து அறிவிப்பு வந்துச்சு. அறிவிப்பு எல்லாம் தளமா மாறணும். அதுதான் நாம கவனிக்க வேண்டியது.

அது நடந்தா, கீழக்கடையம் ஸ்டேஷன்ல ரயில் ஏறுற ஒரு டிப்ளமோ பையனுக்குப் படகு வாங்குற ரீல்ஸைவிட, கப்பல் கட்டுற வேலை பக்கத்துல இருக்கும். வ.உ.சி கப்பல் வாங்கினது சொந்தமா படகு வச்சுக்க இல்லையே மக்களே... அடுத்தவன் கப்பலை நம்பி நிக்கக் கூடாதுன்னுதானே!