அறுத்த கட்டியை எறியாதீர்கள்

என் உச்சந்தலைக் கட்டியை அறுத்தெடுத்த டாக்டர், "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், டெஸ்ட் எதற்கு?" என்றார். செலவு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். இரண்டே வருடத்தில் அதே இடத்தில் மீண்டும் கட்டி! முதலில் எடுத்தது என்னவென்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நாம் கொழுப்புக் கட்டி என்று சொன்னாலும், தலையில் வரும் இத்தகைய பைகளில் பெரும்பாலும் நிறைந்திருப்பது கெரட்டின் என்னும் புரதம். அநேகமாகத் தீங்கற்றவை. அபூர்வமாகச் சில பெருகி வளரும். அவற்றிலும் வெகுசில புற்றாக மாறும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மைக்ராஸ்கோப்புக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே, அறுத்ததை ஃபார்மலினில் போட்டு பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் நமக்கு அந்த ரிப்போர்ட், ரேஷன் கார்டைப் போலப் பத்திரப்படுத்த வேண்டிய காகிதம்.