மேச்சேரி ஆட்டுக்கு எத்தனை மேற்கோள்?

ஆட்டுச் சந்தையில் வாங்க வருகிறவர் ஆட்டின் முகத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்துகிறார். எலும்பு குத்தினால் ஒரு விலை, சதை அமுங்கினால் ஒரு விலை. பிறகு உதட்டைத் தூக்கிப் பல் பார்க்கிறார்: இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறா. அரை நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும். அதே ஆட்டைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்புப் போடுகிறவர்கள் கட்டுரையைத் தொட்டே பார்ப்பதில்லை. எந்த இதழில் வந்தது, அந்த இதழின் எண் என்ன, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சேலம் மாவட்டத்தின் மேற்கில் மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர், மேட்டூர் வட்டாரத்தில் மேயும் மேச்சேரிச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. இளம்பழுப்பு நிறம், குட்டை முடி, கடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லை. இந்தியச் செம்மறிகளிலேயே தரமான தோல் என்று பெயர் வாங்கியது. இதே வெயிலில், நாமக்கல், தருமபுரி வரைக்கும், நெட்டைக் காலும் கருகரு உடம்புமாகச் சேலம் கருப்பு வெள்ளாடு மேய்கிறது. இரண்டுமே தேசிய அளவில் பதிவு பெற்ற இனங்கள். மேச்சேரி ஆட்டுக்கென்று பொட்டனேரியில் தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல்லில் 1985ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி 45 லட்சம். இத்தனை உயிர்களைப் பற்றிய அறிவு எங்கே எழுதப்படுகிறது, யார் படிக்கிறார்கள், அதற்கு என்ன மதிப்பு என்பது ஆட்டுக்காரனுக்கும் சேர்ந்த விஷயம்.

மேற்கோளை எண்ணும் வழக்கம் இதற்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட் 1955ல் முன்வைத்த யோசனை மிக எளிமையானது: ஒரு கட்டுரையை யார் யார் பின்னால் எடுத்தாண்டார்கள் என்று பட்டியல் போட்டால், தேடுகிறவனுக்கு வழி கிடைக்கும். 1964ல் அந்தப் பட்டியல் அச்சில் வந்தது. நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என்று முடிவு செய்ய 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்ற எண் உதவியது. ஒரு இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதே அது. 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஆளுக்கே எண் போடும் 'எச் இன்டெக்ஸ்' கொண்டுவந்தார். பத்துக் கட்டுரைக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்தால் உங்கள் எண் பத்து. நூலகருக்காகச் செய்த அளவுகோல் பதவி உயர்வுக் குழுவின் மேசைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்த இரண்டு ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். செம்மறி ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி வளர்ந்து, பருவத்துக்கு வந்து, தானே முதல் ஈற்று ஈனுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிடும். ஒரு தலைமுறை முழுதாக மாற மூன்று, நான்கு ஆண்டுகள். 'இந்தக் கடாவின் வாரிசுகள் நன்றாக வளர்கின்றன' என்று ஒருவர் இன்று எழுதினால், அதைச் சோதித்துப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ இன்னொருவர் எழுதுவதற்குள் இதழின் கணக்கு இரண்டு முறை மூடப்பட்டிருக்கும். யானையின் கதை இன்னும் வேடிக்கை. அதற்குச் சினை 22 மாதம். கட்டுரை அச்சான அன்று கருத்தரித்த யானை கன்று போடும்போது, அந்த இரண்டு வருடமே முடியப் போகும். மரபணு ஆய்வுக் கூடத்தில் வாரக்கணக்கில் முடிவு வரும் துறைக்கும், கொட்டகையில் வருடக்கணக்கில் காத்திருக்கும் துறைக்கும் ஒரே கடிகாரம்.

பொட்டனேரி நிலையத்தில் பிறந்த குட்டிகளின் எடையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிந்து, வளர்ச்சியில் எவ்வளவு பங்கு பரம்பரைக்கு, எவ்வளவு தீனிக்கும் பருவத்துக்கும் என்று பிரித்துக் காட்டிய கட்டுரை 2011ல் ஓர் ஆசியக் கால்நடை ஆய்விதழில் வந்தது. மானாவாரி நிலத்தில் கடா தேர்ந்தெடுப்பவருக்கு இதைவிட உபயோகமான கணக்கு குறைவு. ஆனால் அதை மேற்கோள் காட்டக்கூடியவர்கள் யார்? வெப்ப நாட்டில் கம்பளியில்லாத முடிச் செம்மறி வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் மட்டும். அந்தக் கூட்டம் உலகெங்கும் சேர்த்தாலும் சிறியது. குறைந்த மேற்கோள் என்பது சின்ன ஊரில் நடக்கும் கல்யாணத்தில் மொய் குறைவாக விழுவதைப் போன்றது. மாப்பிள்ளையின் யோக்கியதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலங்குகளுக்கே எச் இன்டெக்ஸ் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 2015ல் பிரிட்டனின் தரைப் பாலூட்டிகளுக்கு அப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாட்ரிஷியா ஃப்ளெமிங், ஃபிலிப் பேட்மன் இருவரும் அந்நாட்டின் 331 பாலூட்டி இனங்களைப் பழைய கௌபாய் படத் தலைப்பின்படி மூன்றாகப் பிரித்தார்கள். கங்காரு வகையறா 'நல்லவை'. வெளியிலிருந்து வந்த நரி, பூனை, முயல் 'கெட்டவை'. உள்நாட்டு எலியும் வவ்வாலும் 'அழகற்றவை'. மொத்த இனங்களில் 45 விழுக்காடு அழகற்ற கூட்டம்தான். ஆய்வுக் கவனம் மட்டும் அதன் பக்கம் திரும்பவில்லை. நம் நாட்டில் இதே கணக்கைப் போட்டால் புலி எங்கே நிற்கும், களத்து மேட்டு எலி எங்கே நிற்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

என் பங்குக்கு ஒரு பிராணியைக் காட்டுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வரும் சேர்வராயன் மலையில் வாழ்வது. பார்த்தால் அணில். மேலே வளைந்த வாலும் நடக்கும் தினுசும்தான் தூரத்திலிருந்து பிரித்துக் காட்டும். மூக்கு கூர். தோளில் வெளிறிய ஒரு கோடு. உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளச் சாய்ந்த மரத்தண்டில் கொஞ்சம் ஏறி, உடம்பை ஒட்டித் தேய்த்தபடி வழுக்கி இறங்கும். மரத்தில் இருப்பதைவிடத் தரையிலும் பாறையிலும் பூச்சி பொறுக்கித் திரிவதுதான் அதிகம். அணிலுக்கும் இதற்கும் உறவே இல்லை. 1850ல் வாட்டர்ஹவுஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது மதராஸ் அதிகாரி வால்டர் எலியட்டின் பெயரைச் சேர்த்தார். 1913ல் லயன் என்ற அமெரிக்கர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 'அனதானா' என்று பெயரிட்டார். அந்தச் சொல் நம்முடையது: மூங்கில் அணத்தான். உலகத்துப் பாலூட்டிப் பட்டியலில் தமிழ்ச் சொல்லைப் பேரினப் பெயராகத் தாங்கி நிற்கும் இந்தப் பிராணிக்கு அந்தப் பேரினத்தில் கூடப்பிறந்தவர் எவரும் கிடையாது. இந்தியத் தீபகற்பத்தை விட்டால் வேறு எங்கும் இல்லை.

இதன் தூரத்துச் சொந்தக்காரன் சீனாவில் இருக்கிறான். கிட்டப்பார்வை, ஈரல் அழற்சி போன்ற நோய்களை ஆராய ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். 2013ல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்து வெளியிட்டார்கள். அதற்கு மேற்கோள் குவிந்தது. நம் அணத்தானைக் காட்டில் பார்த்து எழுதியவற்றுள் முக்கியமானது 1974ல் ஜப்பானின் நாகோயாவில் நடந்த குரங்கினவியல் மாநாட்டுத் தொகுப்பில் வந்த சில பக்கக் குறிப்பு. குரங்கு மாநாட்டில் இதற்கென்ன வேலை என்றால், ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்தையே குரங்கினத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். வகைப்பாடு மாறியது. குரங்குக் கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதைப் பற்றிக் கேட்க வந்த காதுகளும் குறைந்தன. பிராணி அதே பாறையில் அதே பூச்சியைத்தான் தின்றுகொண்டிருந்தது.

ஆராய்ச்சியின் போக்கு எப்படித் திரும்புகிறது என்பதற்கு வவ்வாலைவிட நல்ல சாட்சி இல்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா, 2020ல் கொரோனா. அதுவரை யாரும் சீண்டாத வவ்வால் கட்டுரைகளுக்கு உலகமெங்கும் கிராக்கி வந்தது, வைரஸ் பக்கமாக. இலுப்பை மரத்தின் பூவுக்கு வரும் வவ்வாலை, விதையைக் காதங்கள் தள்ளிக் கொண்டுபோய்ப் போடும் வவ்வாலை எழுதுகிறவருக்கு அந்தக் காற்று அடிக்கவில்லை. கோயில் ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வவ்வால், காட்டுயிர்ச் சட்டத்தின் 2022 திருத்தம் வரும்வரை, எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில்தான் இருந்தது. வெடி வைத்தால் வவ்வால் கலையும் என்று தீபாவளியைச் சத்தமில்லாமல் கழிக்கும் சில தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்தச் சட்டத்தைவிட முன்னால் போய்விட்டிருந்தன.

இதற்கு நேர் எதிராக, ஆய்வே அரசாணைக்கு வழிகாட்டிய கதை காவிரிக்கு அந்தப் பக்கம் நடந்தது. 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று வீட்டில் திட்டு வாங்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அந்தத் தேவாங்கை 1990களின் கடைசியில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் இரவெல்லாம் பின்தொடர்ந்து எழுதினார் ஆய்வாளர் அன்னா நெக்காரிஸ். பின்னால் உள்ளூர் ஆட்களும் தன்னார்வலர்களும் வனத்துறையும் கணக்கெடுத்தார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு கடவூர் தேவாங்கு சரணாலயம் ஆனது. நாட்டிலேயே தேவாங்குக்கென முதலாவது. அரசாணை எந்த மேற்கோள் தரவுத்தளத்திலும் ஏறாது. இதைவிடப் பெரிய தாக்கம் ஒரு பாலூட்டி ஆய்வுக்கு என்ன இருக்க முடியும்?

எண்ணைப் பழிப்பதோடு விட்டால் அது பாதி நியாயம். எண் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? 'நம்ம ஆள்' இருந்தார். யாருடைய மாணவர், எந்த ஊர், யார் சிபாரிசு என்று பார்த்துப் பதவி கொடுத்த காலத்தைக் கண்டவர்கள், எண் வந்ததும் மூச்சு விட்டார்கள். அது பொய்யான நிம்மதியும் அல்ல. சிக்கல், எண் இலக்காக மாறியபோது தொடங்கியது. ஒரே மந்தையில் பிறந்த எடைக்கு ஒரு கட்டுரை, பால் மறந்த எடைக்கு ஒரு கட்டுரை, ஆறு மாத எடைக்கு இன்னொன்று என்று கறிக்கடைக்காரர் கூறு போடுவதுபோலப் போடத் தொடங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் முளைத்தன. எனக்கே ஒரு முறை, நான் எழுதாத ஆட்டுக் கட்டுரையைப் புகழ்ந்து, அடுத்ததையும் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் நல்ல இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியல் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதி 2022லேயே போயிற்று.

கால்நடைத் துறையில் பேச்சுக்குப் பேச்சு வருவது 'நாஸ் ரேட்டிங்'. தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்குப் போடும் மதிப்பெண். இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழ் என்றால் அந்த எண்ணோடு ஆறைக் கூட்டுவார்கள். இல்லாத இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறைத் தாண்டாது. நம் மாநில இதழ்களில், நம் மருத்துவர்கள் படிக்கும் இடத்தில் எழுதுகிறவர் ஆறுக்குக் கீழேயே நிற்கிறார். வெளிநாட்டு இதழில் போட ஆசைப்பட்டால், திறந்தநிலை வெளியீட்டுக்குப் பல இதழ்கள் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கின்றன. அந்தப் பணத்துக்கு ஒரு மந்தையே வாங்கலாம். 2025 முதல் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 இதழ்களைப் படிக்க வழி செய்திருக்கிறார்கள். படிப்பதற்குக் கதவு திறந்தது நல்லதுதான். எழுதுகிறவனின் சுங்கச்சாவடி வேறு பாதையில் இருக்கிறது.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். பக்கத்துக் கோயம்புத்தூரிலிருந்து 'ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா' 2009 முதல் வருகிறது. சாலி வாக்கர் தொடங்கி வைத்த உயிரினப் பாதுகாப்பு வேலையின் கிளை அது. எழுதுகிறவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்குவதில்லை. 'இந்தப் பிராணியை இந்த ஊரில் பார்த்தோம்' என்ற இரண்டு பக்கக் குறிப்புக்கும் அங்கே இடம் உண்டு. சிவப்புப் பட்டியலுக்கு இனங்களின் நிலையை மதிப்பிட உட்காருகிறவர்களுக்கு இம்மாதிரிக் குறிப்புகள்தான் கைமுதல். பார்த்ததை எழுதி வைப்பதன் மதிப்பு எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது. தேனி மேகமலையில் 1948ல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு வவ்வால், வேறு பெயர்ச்சீட்டோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலமாரியில் கிடந்தது. 1972ல் தாய்லாந்தின் கிட்டி தொங்லோங்யா அதைப் புதிய பேரினம் என்று கண்டுபிடித்து சாலிம் அலி பெயரை வைத்தார். நடுவில் 24 ஆண்டுகள், மேற்கோள் பூஜ்யம்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இன்னும் சில கட்டங்கள். இந்த ஆய்வின் பேரில் எத்தனை கடா கிராமத்து மந்தைக்குப் போனது? எந்த இனம் பதிவு பெற்றது, எந்த அரசாணையில் இந்தக் கணக்கு எடுத்தாளப்பட்டது? பண்ணையாளருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கமாவது வந்ததா? மந்தையின் எடைப் பதிவேடுகள் அடுத்தவர் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் ஏறினவா? மேற்கோள் எண்ணும் இருக்கட்டும், ஒரு கட்டத்தில். ஆனால் கணக்கெடுக்கும் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து பத்தாண்டாக மாற்றுங்கள். மேச்சேரிக் குட்டி ஒன்று பாட்டியாகும் வரையாவது பொறுத்திருந்து மார்க் போடலாம்.