கோழிக்குக் கைத்தீனி: மிஞ்சியதா, வேண்டியதா?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறி ஓடும் வீடானாலும் சரி, ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கர் நெல் வைத்திருக்கும் வீடானாலும் சரி, கொல்லைப்புறத்தில் நாலைந்து நாட்டுக் கோழிகள் மேய்வது வழக்கம். பெரும்பாலும் அவை வீட்டுப் பெண்களின் கணக்கைச் சேர்ந்தவை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவர்களுடைய கைச்செலவுக்கு உதவுகின்றன. இந்தக் கோழிகளுக்கு நாம் அன்றாடம் கையால் போடும் தீனியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் போடுவது என்ன? பழைய சோறு, நொய், இட்லி மிச்சம், குழந்தைகள் கடித்துப் போட்ட முறுக்கு. எல்லாம் நம் வீட்டில் மிஞ்சியவை. கோழிக்குக் குறைவது எது என்று பார்த்து நாம் போடுவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

அரிசிக்கு மேல் அரிசி

களத்தில் சிந்திய நெல்லையும் கருக்காயையும் பொறுக்கி வரும் கோழிக்கு மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதற்குக் குறைவது புரதச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும்தான். அரிசியில் நூற்றுக்கு 7 பங்கு அளவே புரதம் உண்டு. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 16 பங்காவது வேண்டும். குஞ்சுக்கு 20 பங்கு வரை வேண்டும். காலையிலேயே சோற்றைப் போட்டு இரைப்பையை நிரப்பிவிட்டால், கோழி குப்பையைக் கிளறிப் புழு பூச்சி தேடப் போகாது. நாம் அன்போடு போட்ட சோறு, அது தானே தேடிக்கொள்ள இருந்த நல்ல இரையைக் கெடுத்துவிடுகிறது. உடம்பில் கொழுப்பு ஏறும், முட்டை குறையும்.

நாட்டுக்கோழி நாளொன்றுக்கு உண்ணும் இரை சுமார் 100 கிராமுக்குள் அடங்கும். அதில் சோறு, பலகாரம் போன்றவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது. அதாவது, ஒரு பிடி சோறு ஐந்தாறு கோழிகளுக்குப் போதும். அதையும் காலையில் போடாமல், பொழுது சாயும் நேரத்தில் கூப்பிட்டுப் போடுவது நல்லது. கோழி பகலெல்லாம் மேயும். தானியத்துக்கு ஆசைப்பட்டு நேரத்தோடு கூடு திரும்பும். எண்ணிக்கை பார்க்கவும் வசதி.

காசில்லாத தீனி

"மிச்சத்தைப் போடாமல் காசு கொடுத்து வாங்கியா போட முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நல்ல கைத்தீனி பலவும் காசில்லாமல் கிடைப்பவை.

முதலாவது கறையான். ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு முன் உதறினால் போதும். பெரிய கோழிகள் பறித்துக்கொள்ளாதிருக்க, பஞ்சாரத்தைச் சற்றே தூக்கி வைத்து, குஞ்சுகள் மட்டும் நுழையும்படி செய்து, உள்ளே கொட்டலாம்.

இரண்டாவது கீரையும் அசோலாவும். முருங்கைக் கீரையை இரண்டு கொத்து கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் கொத்தித் தின்னும். மஞ்சள் கருவின் நிறம் கூடும். அசோலாவை எல்லோரும் புகழ்கிறார்கள், நல்லதுதான். ஆனால் 100 கிராம் பச்சை அசோலாவில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. ஆகவே அது துணைத்தீனியே தவிர, தீவனத்துக்கு ஈடாகாது.

மூன்றாவது சுண்ணாம்புச் சத்து. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை கால்சியம் செலவாகிறது. தோல்முட்டை வருவதற்கு முக்கியக் காரணம் இதன் குறைவு. கிளிஞ்சலை உடைத்து ஒரு தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள். தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்துப் பொடித்துப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தும் கெட்ட பழக்கம் வந்துவிடும். சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பட்டு ஊரில் கூட்டுப்புழு கிடைக்காதா என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் பட்டு நெய்கிறோமே தவிர, கூட்டிலிருந்து நூல் எடுக்கும் தொழில் இங்கில்லை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. கூட்டுப்புழு மிஞ்சுவது நூல் எடுக்கும் ஊர்களில்தான். எங்கிருந்தாவது வாங்கினாலும், அதில் எண்ணெய் அதிகம். அளவு மீறினால் முட்டையிலும் கறியிலும் வாடை தட்டும்.

போடக் கூடாதவை

பூசணம் பிடித்த வேர்க்கடலையும் புண்ணாக்கும் முதல் எதிரி. "நாம் தின்ன முடியாது, கோழிக்காவது ஆகட்டும்" என்று போடுவது பெருந்தவறு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் எனப்படும் அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காய்ச்சினாலும் எளிதில் போகாது. ஊறுகாய், கருவாட்டுத் தலை, உப்பு மிகுந்த புளியோதரை மிச்சம் ஆகியவையும் வேண்டாம்.

நெசவாளர் வீடுகளில் இன்னொரு கவனமும் தேவை. அறுந்த பட்டு இழையையும் ஜரிகைத் துணுக்கையும் கோழி புழுவென்று கொத்திவிடும். இழை காலில் சுற்றி இறுகினால் விரலே அழுகிப் போகும். கழிவு நூலை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். சாயத் தண்ணீர் தேங்கும் இடத்தில் கோழியை அண்டவிடாதீர்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

பத்துக் கோழி வைத்திருப்பவர் 50 கிலோ தீவன மூட்டை வாங்க முடியாது. வாங்கினாலும் ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் குஞ்சுத் தீவனத்தையும் உடைத்த கிளிஞ்சலையும் இரண்டு கிலோ, ஐந்து கிலோவாக விற்க முன்வர வேண்டும். இது பெரிய செலவுள்ள காரியமல்ல. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டாலும், நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை; கோழி வளர்ப்போர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தீனியை மாற்றியதால் நாட்டுக்கோழி வெள்ளை லெகார்ன் போல ஆண்டுக்கு 300 முட்டை இட்டுவிடாது. அதன் இயல்பு 60 முதல் 80 வரைதான். ஆனால் அந்த முட்டைகள் தோலில்லாமல் வரும்; பொரித்த குஞ்சுகளில் அதிகமானவை பிழைக்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியும் தவறாமல் போட்டுவிட்டால், வீட்டுப் பெண்களின் சிறுவாடு நிச்சயம் கூடும். நாளை கோழியைக் கூப்பிடுமுன், கையில் இருப்பது மிஞ்சியதா, வேண்டியதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.