செக் எழுதினா போதாதா?

"காசு குடுக்கணும்னா செக் எழுதிக் குடுத்துட்டுப் போயேண்டா, எதுக்கு வெயில்ல நாயா ஓடணும்?"

மராத்தான் ஓடப்போறேன்னு சொன்னதும் அம்மா ஃபோனில் கேட்ட கேள்வி. அப்போ சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா நியாயமான கேள்விதானே?

நான் ஓடியது ஆஷா ஃபார் எஜுகேஷனுக்காக. 1991ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்த இந்திய மாணவர்கள் ஆரம்பித்தது. இந்தியாவில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறார்கள், நடத்துவது தன்னார்வலர்கள். சேர்ந்தால் மாசக்கணக்கில் ஓடக் கத்துக் குடுப்பாங்க. பதிலுக்கு நாம தெரிஞ்சவங்ககிட்ட நன்கொடை திரட்டணும்.

பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆசாமி நான். 42.195 கிலோமீட்டர்! முப்பதைத் தாண்டினதும் உடம்பில் சேர்த்து வெச்ச சர்க்கரை தீர்ந்துபோய் கால் கல்லாயிடும். "சுவர்ல முட்டறது"ன்னு ஓட்டக்காரங்க சொல்றது இதைத்தான். நானும் முட்டினேன். கடைசி பத்து கிலோமீட்டர் பாதி நடை, பாதி புலம்பல் :-)

ஆனா அதைவிடக் கஷ்டம் கை நீட்டிக் கேட்கறதுதான். ஆபீஸில் ஒரு நண்பர் முகத்துக்கு நேரா கேட்டார், "உன் ஷூவுக்கும் டி-ஷர்ட்டுக்கும் நான் ஏன்யா காசு தரணும்?" சுருக்குன்னு இருந்தது. அன்னிக்கே முடிவு பண்ணினேன். ஷூ, நுழைவுக் கட்டணம், பயணம் எல்லாம் என் செலவு. அவங்க தர்றது மொத்தமும் பசங்களுக்கு. இதைச் சொன்னதும் அவரே குடுத்தார். இன்னொருத்தர், "இந்தியாவுலதான் சட்டமே இருக்கே?"ன்னு கேட்டார். இருக்கு. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனா அது 6லிருந்து 14 வயசு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போற பிள்ளையை யார் பிடிச்சு வைக்கறது? செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோட ஊர் ஊரா போற பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல உக்காரும்?

இப்ப அம்மாவுக்கு பதில். செக் எழுதலாம்தான். ஆனா இத்தனை வருஷமா எழுதலையே! "அடுத்த மாசம் பாக்கலாம்"னு தள்ளிக்கிட்டே வந்தவன்தானே நான். நாலு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கிட்ட பிறகுதான் உருப்படியா ஒண்ணு செஞ்சேன். ஓட்டம் எனக்குப் போட்ட மூக்கணாங்கயிறு.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிடறேன். ஓடி முடிச்சு, மெடலை சுவரில் மாட்டி, ஃபோட்டோ அனுப்பி, பாராட்டெல்லாம் வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒரு டாலர் அனுப்பலை. ஒருநாள் சம்பளம் வந்தபோதுதான் உறைச்சது. அங்க பாடம் நடத்தற டீச்சருக்கும் மாசாமாசம் சம்பளம் வேணுமே? அவங்க வருஷத்துக்கு ஒரு தடவையா வேலை பாக்கறாங்க?

என் கருத்து இதுதான். தர்மத்துக்கு ஓடறது வெறும் பகட்டுன்னு சொல்றவங்களை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா ஓட்டத்தோட நின்னுட்டா அது பகட்டுதான். இப்போ மாசாமாசம் ஒரு சின்னத் தொகை என் கணக்குலேர்ந்து தானாப் போகுது. அதுக்கு மெடல் கிடையாது, கால் வலியும் கிடையாது.

அடுத்த வருஷமும் ஓடறேன். கேக்க வருவேன், ஒளிஞ்சுக்காதீங்க :-)