அடிபட்டுக் கிடந்தது யார்?

எங்க வளவுக் கோயில்ல வருஷா வருஷம் தவக்காலத் தியானம் நடக்கும். எந்த ஊர்ச் சாமியார் வந்தாலும் ஒருநாள் கட்டாயம் நல்ல சமாரியன் கதை உண்டு. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். குருவும் லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். சமாரியன் தூக்கி எடுக்கிறான். கதையை முடித்துவிட்டுச் சாமியார் எங்கள் பக்கம் கையைக் காட்டுவார். அடிபட்டுக் கிடந்தவங்க நீங்க. சமாரியன் யாரு? மடத்துச் சிஸ்டர்கள். நன்றி மறக்காதீங்க. சனமும் தலையாட்டும். நானும் ஆட்டியிருக்கிறேன்.

இப்பக் கேக்குறேன், சமாரியன் யாருங்க சாமி? யூதர்கள் ஒட்டும் உறவும் வைத்துக்கொள்ளாத கூட்டத்தான். கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டபோது, எங்கிட்டயா கேக்குறாரு என்று ஒரு சமாரியப் பெண் திகைத்தாளே, அவளுடைய ஆள். இரட்டை டம்ளர் வைத்திருந்த ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. காயம் கழுவி, எண்ணெய் வார்த்து, கட்டுப் போட்டவன் ஒதுக்கப்பட்டவன். ஒதுங்கிப் போன ரெண்டு பேரும் கோயில்காரர்கள். கதையின் சூடே அங்கேதான் இருக்கிறது. அதைத் தலைகீழாக்கி, கோயில்காரர்களைச் சமாரியன் ஆக்கி, எங்களை ரோட்டோரம் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

எங்கம்மா சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஒரு மடத்து மருந்தகத்தில் இருபத்தேழு வருஷம் ஆயாவாக இருந்தவள். செவ்வாய்க்கிழமை தொழுநோய்க்காரர்கள் வருகிற நாள். விடிகாலையிலேயே வெந்நீர் வைப்பாள். மரத்துப்போன கால்களைத் தேய்த்துக் கழுவுவாள், புழு எடுப்பாள், சீழ் பிடித்த துணிகளை அண்டாவில் வேகவைத்து அலசிக் காயப்போட்டுச் சுருட்டி வைப்பாள். சிஸ்டர் மருந்து வைப்பார். எங்க பெரியப்பா அந்த நோயாளிகளுக்கு ஆணி அடிக்காமல் ரப்பர் செருப்புத் தைத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் கவலைக்குச் சால் தைத்தவர். மோட்டார் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிருந்தது.

அந்த ரப்பர் செருப்புக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாமக்கல்லை ஒட்டிய கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். உணர்ச்சி இல்லாத காலுக்கு எப்படிப்பட்ட செருப்பு வேண்டும் என்று தேடிக் கண்டவர்களில் அவரும் ஒருவர். உலகம் அவரைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தகும். ஆனால் செருப்பு என்றால் தோல் வேலை தெரிந்த கை வேண்டும். இந்த நாட்டில் அந்தக் கை எந்தத் தெருவில் இருக்கிறது?

அந்தப் பெரிய சிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கம்மா ஊற்றிய கம்மங்கூழைக் குடித்தவர். கடைசியில் அவர் படுக்கையில் விழுந்து முதுகெல்லாம் புண்ணானபோது, "அவளக் கூப்புடுங்க, அவ கைதான் வலிக்காது" என்றாராம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கம்மா நடந்தே போய்ப் பதினெட்டு நாள் கழுவிவிட்டு வந்தாள். அப்ப சமாரியன் யாரு?

பிறகு பொன்விழா மலர் வந்தது. வழுவழுப்பான தாள். ஒரு படத்தில் சிஸ்டர் நிற்கிறார், எங்கம்மா குனிந்து ஒருவர் காலுக்குக் கட்டுப் போடுகிறாள். கீழே என்ன போட்டிருந்தது தெரியுமா? 'எம் பணியால் பயனடைந்த ஏழைகள்.' இருபத்தேழு வருஷம் உழைத்தவள் பயனடைந்தவளாம்! பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. நிறுத்தியபோது ஒரு சேலையும் ஒரு ஜெபமாலையும் தந்தார்கள்.

ஒரு மடத்தின் பிசகு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. இந்தச் சமவெளிக்குக் கிறிஸ்தவம் வந்த வழியைப் பாருங்கள். 1623-இல் இராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார், பிராமண சந்நியாசிக் கோலத்தில். மேல்சாதி முகம் சுளிக்கக்கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்களோடு புழக்கம் தவிர்த்தார். எங்களுக்கென்று 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி ஆனார். ஒரே இயேசு சபை, ஒரே நற்கருணை, ரெண்டு வகைச் சாமியார். மடத்துக்குள்ளே போய் வெளியே வந்த பாமா 'கருக்கு' எழுதியது 1992-இல். அதற்கப்புறமும் தெரியாது என்று எந்த மடமும் சொல்ல முடியாது.

1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 2009-இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு வந்தபோதும் ஞானஸ்நானம் வாங்கியவன் வெளியேதான் நின்றான். அந்த ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10 கறுப்பு நாள். கொடி பிடிக்கிறோம், ஆயர்களும் முழங்குகிறார்கள். நியாயந்தான். ஆனா டெல்லியைப் பார்த்து நீட்டுகிற விரலை ஒரு நிமிஷம் இங்கே திருப்புங்க. கத்தோலிக்கரில் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், ஆயர்களிலோ 12 பேர்தான் என்று 2016-இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. 2021-இல் சேலத்துக்குப் புது ஆயர் நியமனமானபோது தலித் கத்தோலிக்கர் மறுபடியும் தெருவில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

வளவில் இலவச மருந்தகம், டவுனில் அதே மடத்தின் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. மாத்திரை எங்களுக்கு. சீட்டு? கோழிப்பண்ணைக்காரர், லாரி முதலாளி, ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அரசியல் சட்டம் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமை தந்திருக்கிறது. வளவுப் பிள்ளைக்குச் சீட்டுக் கொடுக்கவும், அந்தப் பள்ளியில் எங்க பெண்ணை டீச்சராக வைக்கவும், ஆயாவுக்குப் பி.எஃப். கட்டவும் டெல்லியின் அனுமதி எதற்கு?

எங்கம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மலர் என்னிடம் இருக்கிறது. அடுத்த மலரில் அந்தப் படத்தைப் போடுவதானால் கீழே என்ன எழுதுவது என்று மடம் என்னை வந்து கேட்கட்டும். அவள் பெயரைச் சொல்கிறேன். பாக்கி எவ்வளவு என்றும் சொல்கிறேன்.